கழிப்பறை 100%, சுகாதார முறை 99%... புதுச்சேரி கிராமத்து மாணவிகளுக்கு மாதவிடாய் நாட்களில் இன்னும் என்ன குறை?

மாதவிடாய் சுகாதாரம் பற்றி எந்தப் பட்டியல் வந்தாலும் புதுச்சேரி முதல் வரிசையில் நிற்கும். மாணவிகளுக்குத் தனிக் கழிப்பறை உள்ள பள்ளிகள் எத்தனை சதவீதம் என்று 2024-ல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்கு கொடுத்தது. நாடு முழுக்கச் சேர்த்து 97.5%. பக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு 99.7%. டெல்லி, கோவாவோடு சேர்ந்து புதுச்சேரி நூற்றுக்கு நூறு.

இன்னொரு எண்ணும் இருக்கு. 2019-21ல் எடுக்கப்பட்ட 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் மாதவிடாய்க்குச் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துபவர்கள் புதுச்சேரியில் 99%. இந்திய சராசரி 78%தான். பிகாரில் 59%.

"அப்புறம் என்னங்க பிரச்னை? எல்லாம்தான் கிடைக்குதே?" என்று கேட்கலாம்.

அந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் எண், கழிப்பறை இருக்கிறதா என்பதை எண்ணியது. மதியம் 1 மணிக்கு அதில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை எண்ணவில்லை. இரண்டாவது எண், 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பெற்றது. முதல் முறை பீரியட்ஸ் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுமியிடம் அந்த ஆய்வில் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவளுக்கு 11, 12 வயது. அவள் அந்த 99 சதவீதத்திலும் இல்லை, மிச்சமிருக்கும் 1 சதவீதத்திலும் இல்லை.

காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும் ஒயிட் டவுனும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் நகரத்தைத் தாண்டினால் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். 'கொம்யூன்' என்ற பிரெஞ்சுச் சொல்லை இன்னும் அரசு போர்டுகளில் வைத்திருக்கும் ஊர் இது. அந்த கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் விளைகிற, கூலி வேலைக்குப் போகிற கிராமங்கள்தான் அதிகம்.

அப்படி ஒரு கிராமத்திலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வரும் மாணவியின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குக் கிளம்புகிறாள். பஸ் பிடித்து, பள்ளி முடிந்து, மறுபடி பஸ் பிடித்து வீட்டுக்கு வர மாலை 5 மணி ஆகிவிடும். மொத்தம் 9 மணி நேரம். ஒரு நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். உதிரப்போக்கு அதிகமாக இருக்கும் முதல் இரண்டு நாட்களில் அதைவிடச் சீக்கிரமே. ஆக, பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையாவது மாற்றியே ஆக வேண்டும். இதில் 'அட்ஜஸ்ட்' செய்ய இடமில்லை.

அந்த ஒரு தடவைக்கு என்னவெல்லாம் வேண்டும்? உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. கழிப்பறைக்கு உள்ளேயே தண்ணீர். வெளியே போய் பக்கெட்டில் பிடித்து வருவது இந்த நேரத்தில் உதவாது. புது நாப்கினையோ பையையோ மாட்டிவைக்க ஒரு ஆணி. வெளிச்சம். கை கழுவ சோப்பு. பழையதைச் சுற்றிப் போட ஒரு காகிதமும், மூடி போட்ட குப்பைத்தொட்டியும். இதில் எதுவுமே பெரிய செலவு கிடையாது. ஆனால் ஒன்று குறைந்தாலும் மாற்றாமலேயே திரும்பி வந்துவிடுவாள்.

இதெல்லாம் இருந்தாலும் நேரம் வேண்டும். மத்திய அரசின் 'தூய்மைப் பள்ளி' வழிகாட்டுதல்படி 40 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை. 10 நிமிட இடைவேளையில் 40 பேர் வரிசை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசையில் நின்று முடியவில்லை என்றால் வகுப்பு நேரத்தில் அனுமதி கேட்க வேண்டும். அந்த வகுப்பு ஆண் ஆசிரியருடையது என்றால் பல பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். "இப்பதானே இன்டர்வெல் விட்டேன்?" என்று ஒரு தடவை சத்தம் போட்டால் போதும், அந்த வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை கேட்காது.

விளைவு? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரை அடக்குகிறார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு இது நேர் வழி. ஈரமான நாப்கினோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் தொடை இடுக்கில் புண், அரிப்பு. இதற்கெல்லாம் பயந்து முதல் நாள் லீவு போட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் இதுபற்றி நடந்த 138 ஆய்வுகளைத் தொகுத்து, 2016-ல் 'பிஎம்ஜே ஓபன்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. மாதவிடாய் நாட்களில் பள்ளிக்குப் போவதில்லை என்று சொன்னவர்கள் நான்கில் ஒருவர். மாதத்தில் ஒரு நாள் போகாவிட்டாலும் கல்வியாண்டில் பத்து நாள். கணக்குப் பாடத்தில் ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் புரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

இந்த விவகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனவர் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த டாக்டர் ஜெயா தாக்கூர். 2022-ல் தொடுத்த பொதுநல வழக்கு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை மாணவிகளுக்கு இலவச நாப்கின் வேண்டும், அரசுப் பள்ளிகளில் தனிக் கழிப்பறை வேண்டும் என்பது கோரிக்கை. நாடு முழுமைக்கும் ஒரே கொள்கை வகுக்கும்படி 2023 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. பள்ளி மாணவிகளுக்கான கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டோம் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு பதில் தந்தது. மேலே பார்த்த '100%' கணக்கு வந்ததும் அந்த வழக்கில்தான்.

2026 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பு கொடுத்தது. மாதவிடாய் சுகாதாரம் என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அறிவித்தது. அரசு மனசு வைத்தால் கொடுக்கும் 'இலவசம்' என்ற இடத்திலிருந்து, மாணவி கேட்டுப் பெறும் உரிமை என்ற இடத்துக்கு விஷயம் மாறியது அன்றுதான்.

தீர்ப்பில் மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் போடப்பட்ட உத்தரவுகள் தெளிவானவை. அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, நகரமோ கிராமமோ, எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆண், பெண் தனித்தனிக் கழிப்பறைகள் வேலை செய்யும் நிலையில், தண்ணீர் வசதியோடு இருக்க வேண்டும். நாப்கின் இலவசமாகக் கிடைக்க வேண்டும். முடிந்தவரை கழிப்பறை வளாகத்திலேயே மெஷின் மூலம். இல்லாவிட்டால் பள்ளியில் குறிப்பிட்ட ஓரிடத்தில். கூடவே பள்ளிக்குள் ஒரு 'மாதவிடாய் சுகாதார மூலை'. அங்கே மாற்று உள்ளாடை, மாற்று யூனிஃபார்ம், அப்புறப்படுத்தும் பை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மாவட்டக் கல்வி அதிகாரி நேரில் வந்து ஆய்வு செய்ய வேண்டும். நிறைவேற்ற மூன்று மாத அவகாசம்.

இதில் பலர் கவனிக்காமல் கடந்துபோவது அந்த மாற்று யூனிஃபார்ம். பீரியட்ஸ் நாட்களில் பிள்ளைகளின் பெரிய பயமே கறை பட்டுவிடுமோ என்பதுதான். வெள்ளை, இளநீலம் என்று வெளிர் நிற யூனிஃபார்ம் வைக்கும் பள்ளிகள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. கறை பட்டால் மாற்றிக்கொள்ள ஒரு செட் உடை அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

தீர்ப்பின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை மெலிசா பெர்ட்டனின் வாசகம் ஒன்று வருகிறது. பீரியட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முற்றுப்புள்ளி என்றும் பொருள் உண்டு. அதை வைத்து, அது ஒரு பெண்ணின் படிப்புக்கு முற்றுப்புள்ளி ஆகிவிடக் கூடாது என்ற பொருளில் சொன்னது. அவர் தயாரித்த ஆவணப்படம்தான் 2019-ல் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தில் டெல்லிக்குப் பக்கத்துக் கிராமப் பெண்கள் ஓட்டும் நாப்கின் மெஷின், நம்ம கோவைக்காரர் அருணாசலம் முருகானந்தம் கண்டுபிடித்தது. 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். கோவையில் ஆரம்பித்த ஒரு விஷயம் ஹாலிவுட் சுற்றி உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது!

எல்லைக்கு அந்தப் பக்கம் 'புதுயுகம்'

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே சாலையில் ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் விழுப்புரம் மாவட்டம், அதற்கடுத்தது மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை அப்படி. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு அரசாங்கம்.

தமிழ்நாட்டுப் பக்கம் 2011-ல் அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' திட்டம் இருக்கிறது. 10 முதல் 19 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 3 பாக்கெட், ஒரு பாக்கெட்டில் 6 நாப்கின், வருஷத்துக்கு 18 பாக்கெட். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வழியாக. படிப்பை நிறுத்தியவர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் வழியாக. படிப்பை நிறுத்திய பிள்ளையையும் சேர்த்துக்கொண்டதுதான் இந்தத் திட்டத்தின் நல்ல அம்சம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 18 நாப்கின் என்றால் ஒரு சுற்றுக்கு 9. ஒரு நாளைக்கு 3 வீதம் 5 நாள் என்றால் 15 வேண்டும். மிச்சம் 6-ஐ வீட்டில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதை நீட்டித்துப் பயன்படுத்த வேண்டும். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளும் அம்மாவும் இருந்தால், கூலி வேலைக் குடும்பத்துக்கு அது மாதாந்திர பட்ஜெட்டில் ஒரு வரி.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' நாப்கின் 2019 ஆகஸ்ட் முதல் ஒன்று 1 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

துணி என்றாலே சுத்தமில்லையா?

இந்த இடத்தில் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே ஒரு மாற்று வழி இருக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் ஆரோவில். அங்கே 2010-ல் தொடங்கிய 'ஈகோ ஃபெம்' என்ற சமூக நிறுவனம், துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின்களைத் தயாரிக்கிறது. தைப்பவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். 'பேட் ஃபார் பேட்' என்ற திட்டத்தில், வெளிநாட்டில் விற்கும் நாப்கின்களுக்கு ஈடாக இங்குள்ள மாணவிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். வெறுமனே பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. உடம்பைப் பற்றி உட்கார்ந்து பேசும் வகுப்பு நடத்திய பிறகுதான் கொடுக்கிறார்கள். இந்த வரிசையைத்தான் மற்ற திட்டங்கள் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு முரண். தேசிய குடும்ப நல ஆய்வு எதைச் 'சுகாதாரமான முறை' என்கிறது தெரியுமா? கடை நாப்கின், உள்ளூரில் தயாரித்த நாப்கின், டாம்பன், மென்ஸ்ட்ருவல் கப். துணி அந்தப் பட்டியலில் கிடையாது. துவைத்து, வெயிலில் காய வைத்து, சுத்தமாகப் பயன்படுத்தினாலும் 'துணி' என்று பதில் சொன்னால் சுகாதாரமற்ற முறைதான். அதே சமயம், நாள் முழுக்க மாற்றாத கடை நாப்கின் 'சுகாதாரமானது' என்ற கணக்கில் வந்துவிடும்!

துணியில் ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆபத்து துணியில் இல்லை, அது காயும் இடத்தில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, சோப்பு போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைத்தால் பிரச்னை இல்லை. ஆனால் நம் வீடுகளில் அது எங்கே காய்கிறது? பாவாடைக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால், குளியலறை மூலையில். "யார் கண்ணுலயும் படக் கூடாது" என்பதுதான் விதி. ஈரம் போகாத துணியில் கிருமி வளரும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். மொட்டை மாடிக் கொடியில் மற்ற துணிகளோடு அதுவும் காயலாம் என்று ஒரு வீடு முடிவு செய்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

எது நல்லது என்று ஒரே பதில் கிடையாது. பள்ளியில் தண்ணீர் இல்லையென்றால் துணி நாப்கின் அங்கே உதவாது. வீட்டில் தண்ணீரும் வெயிலும் இருந்தால் அது செலவையும் குப்பையையும் குறைக்கும். பள்ளி நேரத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கலந்தும் பயன்படுத்தலாம். கேரளாவில் கும்பளங்கி கிராமம் மென்ஸ்ட்ருவல் கப்களை வீடுவீடாகக் கொடுத்து, நாட்டின் முதல் நாப்கின் இல்லாத பஞ்சாயத்து என்று 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அங்கே போனது வயதுவந்த பெண்களுக்கு. 12 வயதுச் சிறுமிக்கு முதல் நாளே கப் கொடுத்து "பழகிக்கோ" என்று சொல்ல முடியாது. தேர்வு அவளுடையதாக இருக்க வேண்டும்.

போட்ட பிறகு எங்கே போகுது?

இலவச நாப்கின் திட்டங்களில் யாரும் பேச விரும்பாத பகுதி இது. ஒரு சாதாரண நாப்கினில் மரக்கூழ் பஞ்சு, ஈரத்தை உறிஞ்சும் பாலிமர், அடியில் பிளாஸ்டிக் படலம். மண்ணில் போட்டால் லேசில் மக்காது. கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும். பல பள்ளிகளில் கழிப்பறை பூட்டப்படுவதற்குக் காரணமே இந்த அடைப்புதான். நாப்கினைக் கொடுத்துவிட்டுக் குப்பைத்தொட்டி கொடுக்காவிட்டால், நாப்கின் திட்டமே கழிப்பறையை மூடிவிடும்.

சரி, எரிக்கலாமா? பள்ளிகளில் வைக்கப்படும் சிறிய எரிகலன்களில் போதுமான வெப்பம் வராவிட்டால் பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்து நச்சுப்புகை வரும். அந்தப் புகை போவது பக்கத்து வகுப்பறைக்கு. குப்பை வண்டியில் போட்டால், மற்ற குப்பையோடு கலந்து குரும்பாபேட்டை கிடங்குக்குப் போய்ச் சேரும். நடுவில் அதைக் கையால் பிரிப்பவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. செய்தித்தாளில் சுற்றி, தனியாக ஒரு பையில் போட்டு, மேலே ஒரு சிவப்பு அடையாளம் வைத்தால் அவர் கையில் படாது. இதைப் பள்ளியில் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

உச்ச நீதிமன்றம் 'ஆக்ஸோ பயோடிகிரேடபிள்' வகை நாப்கின்களைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. பிளாஸ்டிக்கோடு ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து, காற்றும் வெப்பமும் பட்டால் உடைந்துபோகும்படி செய்வது இது. மேலே சொன்ன சுவிதாவும் இந்த ரகம்தான். இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. ஆக்ஸோ முறையில் உடையும் பிளாஸ்டிக் முழுசாக மக்காமல் நுண்துகள்களாகத் தங்கிவிடுகிறது என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைப் பொருட்களுக்கு 2021 முதல் தடை போட்டிருக்கிறது. தங்கள் பொருள் வேறு, அது முழுதாக மக்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். எப்படியிருந்தாலும் 'பயோ' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட வேண்டாம்.

யார் எப்போது சொல்லித் தருவது?

மேலே பார்த்த 2016 தொகுப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே அதுபற்றித் தெரிந்து வைத்திருந்த சிறுமிகள் 48%. மற்றவர்களுக்கு அது திடீரென்று வந்த ரத்தம். நோய் என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இருக்கின்றன. முன்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் 8-ஆம் வகுப்பில்தான் வரும். புதிய அறிவியல் புத்தகத்தில் அது 7-ஆம் வகுப்புக்கு வந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே வயதுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடம் அவர்களுக்கு லேட்.

இந்த வேலையை வீடு செய்யலாம். ஆனால் நம்ம ஊர் நிலைமை வேடிக்கையானது. பெண் வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு விழா, மண்டபம், சீர்வரிசை, ரோட்டோரம் பிளக்ஸ் பேனர். ஊருக்கே தெரியும். அடுத்த மாதம் அதே பெண் நாப்கின் வாங்கக் கடைக்குப் போனால் கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுப்பார்கள். விழாவுக்கு வந்த நூறு பேரில் ஒருவர்கூட "இது ஏன் வருது, எப்படிப் பார்த்துக்கணும்" என்று அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். "தீட்டு", "தூரம்", "வீட்டுக்கு விலக்கு" என்று மூன்று பெயர் வைத்திருக்கிறோம். மூன்றுமே அவள் எங்கே போகக் கூடாது என்பதைத்தான் சொல்கின்றன.

இது வெறும் பேச்சு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில், வயதுக்கு வந்ததால் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி மேல் தென்னை மரம் விழுந்து உயிர் போனது. 2025 ஏப்ரலில், கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில், பீரியட்ஸ் என்பதற்காக 8-ஆம் வகுப்பு மாணவியை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். வீடியோ வெளியானதும் பள்ளி முதல்வர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அந்தப் பள்ளியில் நாப்கின் கொடுத்திருந்தாலும் படிக்கட்டுதான் கிடைத்திருக்கும்.

அதனால்தான் ஆசிரியர்களுக்கான பயிற்சி, நாப்கினைவிட ஒரு படி முக்கியம். ஆண் ஆசிரியர்களுக்கும் சேர்த்து. அவர்கள் பாடம் எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு மாணவி எழுந்து நின்றால் காரணம் கேட்காமல் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மாணவர்களுக்கும் இந்தப் பாடத்தைச் சேர்த்தே எடுக்க வேண்டும். "பொண்ணுங்க மட்டும் இருங்க, பசங்க வெளிய போங்க" என்று ஆரம்பிக்கும் வகுப்பு, அடுத்த நாள் கேலியில்தான் முடியும்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் அம்மாவோ அப்பாவோ மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு இதையும் கேட்கலாம்: "டாய்லெட்ல மத்தியானம் தண்ணி வருதா? உள்ள மூடி போட்ட தொட்டி இருக்கா? திடீர்னு வந்தா பிள்ளை யார்கிட்ட போகணும்?" மூன்றாவது கேள்விக்கு ஓர் ஆசிரியையின் பெயர் பதிலாக வர வேண்டும். "ஆபீஸ் ரூம்ல கேட்டா குடுப்பாங்க" என்பது பதில் இல்லை.

வலி வந்தால் பொறுத்துக்கத்தான் வேணுமா?

வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் அடிவயிற்று வலி சாதாரணம். வெந்நீர் ஒத்தடம், லேசான நடை, டாக்டர் சொன்ன வலி மாத்திரை போதும். மாத்திரை போட்டால் பிள்ளை பிறக்காது என்பது வதந்தி. ஆனால் மாதா மாதம் பள்ளிக்கே போக முடியாத அளவுக்கு வலி என்றால் அது 'எல்லாருக்கும் வர்றதுதான்' கிடையாது.

ரத்தசோகையையும் கவனிக்க வேண்டும். 15 முதல் 19 வயது இந்தியப் பெண்களில் 59% பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே தேசிய ஆய்வு சொல்கிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இதற்குத்தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்; மதிய உணவுக்குப் பிறகு போட வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படத் தேவையில்லை. கூடவே டீ, காபி குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாக ஒட்டும். குமட்டுகிறது என்று பல பிள்ளைகள் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிடுவது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த ரகசியம்.

வளரிளம் பெண்களுக்கு 21 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை வந்தால் இயல்பு. ஆரம்ப ஒன்றிரண்டு ஆண்டுகள் முன்பின் ஆகும். 7 நாட்களுக்கு மேல் போக்கு நீடித்தால், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பெரிய கட்டிகளாக வந்தால், மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால், 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் படி, ஊரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, அல்லது கோரிமேட்டில் ஜிப்மர். போகும்போது கடைசி மூன்று மாதத் தேதிகளை ஒரு காலண்டரில் வட்டம் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.